பத்தாவது பாகத்தில் நின்றுவிட்டேன், கருத்து சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபேன்டஸி நாவல்கள் என்றால் எனக்கு உயிர். இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் பத்தாவது பாகத்தின் பாதியில் நிற்கிறேன். முதல் நான்கு பாகங்களை ராத்தூக்கம் கெட்டுப் படித்தவன் நான். அதற்கப்புறம் போகப்போகக் கதை நகரவில்லை, ஒரே இழுவை என்று என் வாசிப்புக் குழுவில் சொன்னேன். "பதினாலையும் முடிச்சுட்டு வந்து பேசு" என்று வாயை அடைத்துவிட்டார்கள். இன்னொன்று, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் அடுத்த பாகத்துக்காகக் காத்துக் காத்து அலுத்துவிட்டது. எழுதி முடிக்காத தொடரை இனி தொடுவதே இல்லை என்று இருக்கிறேன். யோசித்தால் எல்லாத் தொடரும் ஒரே அச்சாகவும் தெரிகிறது: கிராமத்துப் பையன், பழைய ஆரூடம், இருட்டின் அரசன். என் கருத்தில் தப்பு இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா? அப்புறம், இந்தத் தொடரின் முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' நாவலை எப்போது படிப்பது சரி?

பதில்: வணக்கம். உங்கள் குழு சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான வழியும் அங்கேதான் இருக்கிறது.

முடித்தவர்தான் பேசலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் பதினான்கு பாகங்களையும் முடித்தவர்கள் யார்? பெரும்பாலும் அந்தத் தொடர் பிடித்துப்போனவர்கள். பிடிக்காதவர்கள் மூன்றிலோ ஏழிலோ பத்திலோ கழன்றுகொண்டிருப்பார்கள். முடித்தவர்கள் பேச்சு மட்டும்தான் செல்லும் என்றால் எந்த நீண்ட தொடருக்கும் பாராட்டைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. பாதியில் விட்டவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் முடித்தவருக்கு மறந்தே போயிருக்கும்: வாசகரின் கை எந்தப் பக்கத்தில் தளர்ந்தது என்பது.

நீங்கள் சொல்லக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். முடிவு நன்றாக இல்லை, மொத்தத் தொடரும் வீண் என்று சொல்லாதீர்கள். அது நீங்கள் பார்க்காத ஊர். படித்த ஒன்பதரைப் பாகங்களைப் பற்றிப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒவ்வொரு பாகமும் தனி அட்டை போட்டு, தனி விலைக்கு, வருடக்கணக்கில் இடைவெளி விட்டு வந்த புத்தகம். தனியாக விற்றதைத் தனியாக எடை போடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. "கதை நகரவில்லை" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். நான் நாவல் கைப்பிரதிகளைச் செப்பனிடும் பதிப்பாசிரியர். தொய்வு எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்று தேடுவதுதான் நாள் முழுக்க எனக்கு வேலை. ஒரு கைப்பிரதியைப் பற்றி யாராவது இழுவை என்று சொன்னால் நான் அதை அப்படியே நம்புவேன். படிக்கிறவருக்கு வரும் சலிப்பு பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூட என்னால் திருத்த முடியாது. எந்த இடத்தில் என்று கேட்பேன். அங்கேதான் கருத்துக்குப் பலம் வருகிறது.

உங்கள் தொடரிலேயே தேடிப் பார்க்கலாம். பத்தாவது பாகம் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்', 2003ல் வந்தது. நாயகன் ராண்ட் அதில் மிகக் குறைவாகவே வருகிறான். தொய்வுக்கு அதுதான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ராத்தூக்கம் கெட்டுப் படித்த பாகங்களில் மூன்றாவதை நினைத்துப் பாருங்கள். 1991ல் வந்த 'தி டிராகன் ரீபார்ன்'. அதிலும் ராண்ட் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறான். தலைப்பே அவனைப் பற்றியது, ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி மற்றவர்களோடுதான் போகிறது. அது உங்களுக்குச் சலிக்கவில்லையே, ஏன்?

அந்தப் பாகத்தில் ராண்டின் நண்பர்களில் பெரின் ஒரு வழியில் வருகிறான், மேட் இன்னொரு வழியில் வருகிறான், பெண்கள் மூவரும் வேறொரு வழியில் வருகிறார்கள். எல்லோருடைய காலும் ஒரே நகரத்தை நோக்கி நடக்கிறது. யாருடைய அத்தியாயத்தைத் திறந்தாலும் அந்த நகரம் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும். ராண்ட் கண்ணில் படாவிட்டாலும் அவனை நோக்கித்தான் போகிறோம் என்பது தெரியும். பத்தாவது பாகத்தில் நடப்பது வேறு. ஒன்பதாவது பாகத்தின் கடைசியில் ஒரு மாபெரும் காரியம் நடந்து முடிகிறது. என்ன என்று இங்கே சொல்லவில்லை, இனிமேல் படிக்கப் போகிறவர்களும் இதைப் பார்ப்பார்கள். பத்தாவது பாகத்தின் கணிசமான பகுதி, அந்தக் காரியம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில் மற்ற ஊர்களில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று திரும்பிப் போய்ச் சொல்கிறது. நடந்தது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தூரத்தில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று உணர்ந்து அவர்கள் திகைப்பதை நாம் ஒவ்வொருவராகப் பார்க்கிறோம். முதல் தடவை சிலிர்க்கிறது. அதற்கப்புறம் அதே கணத்துக்கே மறுபடி மறுபடி திரும்பி வருகிறோம். யாரும் யாரையும் நோக்கி நடப்பதாகத் தெரியவில்லை.

இப்போது உங்கள் கருத்தை மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: "மூன்றாவது பாகத்தில் நாயகன் இல்லாமலேயே கதை குவிந்தது, பத்தாவதில் இத்தனை பேர் இருந்தும் குவியவில்லை." இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உங்கள் குழுவும் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். முடித்துவிட்டு வா என்று தட்டிக்கழிக்க முடியாது. அவர்களில் ஒருவர், அந்தத் திகைப்பின் அடுக்குதான் எனக்குப் பிடித்தது என்று சொல்லக்கூடும். அதுவும் நல்ல பதில்தான், அங்கிருந்து உண்மையான பேச்சு தொடங்கும்.

பெரிய தொடர்களின் நடுப்பாகம் ஏன் இப்படித் தொய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தாளருக்குச் சோம்பல் என்றோ, பதிப்பகத்துக்குக் காசாசை என்றோ பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது அவ்வளவு எளிதான விஷயமில்லை. பாகம் பாகமாக வெளியிடுகிறவர் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. மூன்றாவதில் எழுதிய ஒரு வரி எட்டாவதில் காலைக் கட்டும், ஆனால் மூன்றாவது ஏற்கெனவே லட்சக்கணக்கான கைகளில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் கண் வழியாகக் கதை சொல்லத் தொடங்கிவிட்டால் அவரைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. அவர் என்ன ஆனார் என்று வாசகர் கேட்பார். முதல் பாகத்தில் நாலைந்து பேர் கண் வழியாக வந்த கதை பத்தாவதில் எத்தனையோ பேர் வழியாக வருகிறது. ஒவ்வொருவரையும் நாலு அடி நகர்த்தினாலே ஒரு புத்தகம் நிறைந்துவிடுகிறது. பயணத்துக்கு நாள் கணக்கு வேறு இருக்கிறது. வடக்கே ஒருவர் ஒரு மாதம் நடக்கிறார், தெற்கே ஒருவருக்கு இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டையும் எங்கே கொண்டுவந்து சேர்ப்பது?

மார்ட்டின் இதே முடிச்சில்தான் மாட்டிக்கொண்டார். முதலில் அவர் நினைத்தது மூன்றே பாகம். மூன்றாவது 2000ல் வந்தபோதே திட்டம் அதைத் தாண்டி வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு கதைக்குள் ஐந்து வருடம் தாண்டிக் குதித்து, சிறுவர்களை வளர்ந்தவர்களாகக் காட்டிவிடலாம் என்று நினைத்தார். எழுதிப் பார்த்தால், நடுவில் நடந்ததையெல்லாம் நினைவுகூரல்களாகவே சொல்ல வேண்டியிருந்தது. அந்த யோசனையைக் கைவிட்டார். எழுத எழுத அது ஒரு புத்தகத்தில் அடங்காமல் போகவே, பாத்திரங்கள் இருக்கும் இடத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். அதனால்தான் 2005ல் வந்த நான்காவது பாகத்தில் டிரியன், டேனெரிஸ், ஜான் ஆகிய மூவரின் அத்தியாயங்களே இல்லை. அவர்கள் 2011ல், ஐந்தாவது பாகத்தில்தான் வந்தார்கள். தனக்குப் பிடித்தவர்களைப் பார்க்க ஒரு வாசகர் பதினோரு வருடம் காத்திருந்தார் என்றால் அவருக்கு அலுப்பு வரத்தான் செய்யும். அந்த மூவரின் அத்தியாயம் இல்லாத நான்காவது பாகத்தை இப்போது நிதானமாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். போர் முடிந்து பாழான நிலத்தில் சாதாரண ஜனங்கள் படும் பாட்டை இவ்வளவு பக்கத்தில் நின்று காட்டிய பாகம் அந்தத் தொடரில் வேறில்லை என்பது என் எண்ணம்.

டோல்கீனுக்கு இந்த நெருக்கடி இல்லை. அதை மறந்துவிட்டுத்தான் பலர் அவரையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954லும் 1955லும் மூன்று புத்தகங்களாக வந்தாலும் அவர் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகித விலையும் செலவும் பயமுறுத்தியதால் பதிப்பகம்தான் அதை மூன்றாகப் பிரித்தது. முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே முழுக் கதையும் அவர் கையில் இருந்தது. முன்னும் பின்னும் போய் இழைக்க முடிந்தது. அதற்கும் மேலே ஒன்று செய்தார். 1937ல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலின் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டிக்குக் 'கோலம்' என்ற குகைவாசி பந்தயமாக வைப்பதே தன் மோதிரத்தைத்தான். தோற்ற பிறகு கொடுக்கலாம் என்று தேடுகிறான், அது கிடைக்கவில்லை, மன்னிப்புக் கேட்டு வழி காட்டி அனுப்புகிறான். அந்த மோதிரம் ஒரு மனுஷனையே தின்றுவிடும் பொருள் என்று பிற்பாடு ஆனபோது, அதை இவ்வளவு சாதாரணமாகக் கொடுக்க வருகிறவன் பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். புதிய வடிவத்தில் பந்தயம் வெளியேறும் வழி மட்டும்தான், மோதிரத்தைத் தொலைத்தவன் வெறி பிடித்துக் கத்துகிறான். பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கும் ஒரு வழி வைத்தார்: அது நாவலின் நாயகன் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஆக்கிவிட்டார். அச்சான புத்தகத்தின் ஓட்டையைப் பாத்திரத்தின் குணமாக மாற்றிய இந்தச் சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். பத்து பாகம் அச்சில் போய்விட்ட ஒருவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

சரி, முடியாத தொடர். தொடுவதில்லை என்ற உங்கள் முடிவு உங்கள் உரிமை. எழுத்தாளரை விரட்டி விரட்டி எப்போது என்று கேட்பதும் அழகில்லை, காத்திருக்கத்தான் வேண்டும் என்று வாசகரைக் கட்டாயப்படுத்துவதும் நியாயமில்லை. ஆனால் உங்கள் விதியைக் கொஞ்சம் இளக்கச் சொல்வேன். தொடர் முடிந்ததா என்று பார்ப்பதை விட, கையிலுள்ள பாகம் தனக்குள் ஒரு கதையை முடிக்கிறதா என்று பாருங்கள். பேட்ரிக் ரோத்ஃபஸின் தொடரில் நாயகன் தன் கதையை மூன்று நாட்களில் சொல்வதாக அமைப்பு. முதல் நாள் 2007ல் வந்தது, இரண்டாம் நாள் 2011ல் வந்தது, மூன்றாம் நாள் வரவே இல்லை. எழுத்து அத்தனை அழகு, ஆனால் இல்லாத மூன்றாம் நாள் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் மனநிலைக்கு அது வேண்டாம். ராபின் ஹாப் வேறு மாதிரி. ஒரே உலகத்தில் 1995 முதல் 2017 வரை பதினாறு நாவல்கள், ஆனால் மூன்று மூன்றாக, ஒரு தடவை மட்டும் நான்காக, ஒவ்வொரு கட்டும் தன் கதையை முடித்துக்கொள்ளும். முதல் மூன்றோடு நீங்கள் நின்றாலும் நஷ்டமில்லை.

ஒரே அச்சு என்கிறீர்கள். அந்த அச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1977ல் டெரி புரூக்ஸின் 'தி ஸ்வோர்ட் ஆஃப் ஷனாரா' டோல்கீனின் தடத்திலேயே வந்து அமோகமாக விற்றது. இதற்குச் சந்தை இருக்கிறது என்று பதிப்பகங்கள் கண்டுகொண்டன. கிராமத்துப் பையனும் ஆரூடமும் அதற்கப்புறம் பெருகியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அச்சு பழையது என்பதை நான் குறையாக எடுக்கமாட்டேன். ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மோதிரத்துக்குள் பலத்தை ஒளித்துவைத்த இருட்டின் அரசன் நமக்குப் புதியவனே அல்ல, அதனால் அவன் கதை நமக்குச் சலித்துவிடவும் இல்லை. பழைய அச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

உர்சுலா லெ குவின் செய்ததைப் பாருங்கள். 1968ல் வந்த 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' அதே ஏழைப் பையன், அதே மந்திரப் பள்ளி. ஆனால் அவனைத் துரத்துவது எங்கோ கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அரசன் இல்லை. கர்வத்தில் தானே அவிழ்த்துவிட்ட ஒரு நிழல் அது. சின்னப் புத்தகம், ஒரு வாரயிறுதியில் முடிந்துவிடும். மூன்றாவது பாகம் 1972ல் வந்தது, தொடர் முடிந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். பதினெட்டு வருடம் கழித்து 1990ல் 'டெஹானு' வந்தது. சக்தியெல்லாம் இழந்த மந்திரவாதி, ஒரு விதவை, நெருப்பில் சுடப்பட்ட ஒரு சிறுமி. நான் கட்டிய உலகத்தில் இத்தனை நாள் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று லெ குவின் தன் புத்தகங்களையே கேட்கிறார். தொடர் என்ற வடிவத்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். தனி நாவல் எழுதியவர் பதினெட்டு வருடம் கழித்துத் தன்னோடு வாதாட வரமுடியாது. தொடர்களைத் திட்டுகிறவர்களிடம் நான் எப்போதும் நீட்டும் புத்தகம் இதுதான்.

அச்சே வேண்டாம் என்றால் என். கே. ஜெமிசின். 2015 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று பாகம், மூன்றுக்கும் அடுத்தடுத்து, ஃபேன்டஸிக்கும் அறிவியல் புனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது. நாயகி நாற்பதுகளில் இருக்கும் ஒரு தாய். அவளுடைய பகுதிகளை "நீ" என்று விளித்தே சொல்லியிருப்பார், பழக ஐம்பது பக்கமாவது ஆகும். ஸ்டீவன் எரிக்சனின் பத்துப் பாகத் தொடரை இப்போது உங்களுக்குச் சொல்லமாட்டேன். பிரமாதமான தொடர்தான், ஆனால் எதையும் விளக்காமல் நடுக்கதையில் கொண்டுபோய் விடும். அலுத்திருக்கும் மனதுக்கு அது ஏற்றதல்ல.

வயதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். பதினைந்து வயதில் வாள் யார் கைக்குப் போகும் என்று படித்தீர்கள். இப்போது அந்தச் சேனைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, போருக்குப் போனவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் உங்களுக்குத் தோன்றும். ரசனை கெட்டுப்போகவில்லை, கூர்மையாகியிருக்கிறது. அதனால்தான் ஹாபைச் சொல்கிறேன். 'அசாஸின்ஸ் அப்ரென்டிஸ்' நாவலில் கதை சொல்கிற ஃபிட்ஸ், தன் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறவன். அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த பிள்ளை, கொலைத்தொழில் கற்றவன். சாகசமும் இருக்கிறது, அந்தச் சாகசம் அவன் உடம்பில் விட்டுப்போன வலியும் இருக்கிறது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு அது நெஞ்சில் தைக்கும்.

பத்தாவது பாகத்தை என்ன செய்வது? கட்டாயப்படுத்திப் படிக்காதீர்கள். மீதியின் சுருக்கத்தை எங்காவது படித்துத் தெரிந்துகொண்டு 2005ல் வந்த 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' பாகத்துக்குத் தாவுங்கள். இதில் பாவம் ஒன்றுமில்லை. பதினோராவதான அதில் வேகம் திரும்புகிறது, சிதறியவர்கள் மறுபடி ஒருவரையொருவர் நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். ஜோர்டன் தன் கையால் முழுதாக எழுதிய கடைசிப் பாகம் அது. 2007ல் அவர் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டுகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து முடிக்கச் சொன்னார். ஒரு புத்தகமாகத் திட்டமிட்டது மூன்றாகி 2013ல் நிறைவடைந்தது. கை மாறியது வாசிக்கும்போது தெரியும், மேட்டின் பேச்சில் முதலில் தெரியும். பதினொன்றில் நூறு பக்கம் போயும் ஒட்டவில்லை என்றால் மூடிவைத்துவிடுங்கள். அப்போது உங்கள் கருத்துக்கு இன்னும் ஒரு பாகம் துணைக்கு வந்திருக்கும்.

கடைசியாக 'நியூ ஸ்பிரிங்'. கதை நடக்கும் காலப்படி அது முதலில் வர வேண்டியது என்று சொல்லி, புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் சிலர் அதையே முதலில் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பாகத்தில் வரும் மந்திரக்காரி மொய்ரெய்ன் யார், எவர் பக்கம் என்ற மர்மம் அதனால் நீர்த்துப்போகும். உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. அது வெளிவந்தது 2004ல், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அளவில் சின்னது, பெரும்பாலும் மொய்ரெய்ன், லான் என்ற இருவரோடுதான் போகிறது, எடுத்த கதையை அதற்குள்ளேயே முடித்துவிடுகிறது. பதினொன்றைத் திறப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.